காக்பிட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்: சின்ன விமானம் ஓட்டப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு காக்பிட் தயாராகும். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கைப்பிடிச் சுவரில் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்த பேனல். அதில் பைக் இண்டிகேட்டர் பல்பு இரண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். ஸ்விட்ச் என் கையில் இருக்கும். நாற்காலியில் உட்காருகிறவர்கள் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிட்டு, வேலைக்கும் டைப் ரேட்டிங்குக்கும் (குறிப்பிட்ட ஒரு விமான மாடலை ஓட்டும் தகுதிக்கும்) காத்திருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள். ஒருத்தி காசிமேட்டுக்காரி, ஒருவன் வியாசர்பாடி, இன்னொருவன் திருவொற்றியூர். வீட்டை அடகு வைத்துப் படித்தவர்களும் இதில் உண்டு. நான் பல வருடம் ஏடிஆர் என்ற சின்னப் பயணிகள் விமானம் ஓட்டியவன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

இங்கே நான் சொல்லும் விமானம் 19 பேர் உட்காரும் டோர்னியர் 228 முதல் 70 பேருக்கு மேல் ஏறும் ஏடிஆர் 72 வரை. புரொப்பெல்லரைச் சுழற்றும் இரண்டு டர்போபிராப் இன்ஜின், இரண்டு பைலட். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் என்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற பயணங்கள். பெரிய ஜெட்டில் ஒரு கோளாறு வந்தால் யோசிக்க உயரமும் நேரமும் கொஞ்சம் கிடைக்கும். சின்ன விமானத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடுவோம். அதனால் பழக்கம் முன்கூட்டியே கையில் ஊறியிருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விமானத்துக்கு உங்கள் நிறுவனம் கொடுத்த கையேடும் கியூஆர்எச் புத்தகமும் (கோளாறு வந்தால் புரட்டும் செக்லிஸ்ட் தொகுப்பு) சொல்வதுதான் கடைசி வார்த்தை. இந்த வழிகாட்டி அந்தப் புத்தகத்தை எப்படிக் கையாள்வது என்பதற்குத்தான்.

நிறம் என்ன சொல்கிறது

சிவப்பு என்றால் வார்னிங், இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும். இன்ஜின் தீ, ஆயில் பிரஷர் விழுவது, கேபினில் காற்றழுத்தம் போவது எல்லாம் இந்த வகை. ஆம்பர் மஞ்சள் என்றால் காஷன். இப்போதே தெரிந்துகொள், செய்வது கொஞ்சம் தள்ளி இருக்கலாம். ஜெனரேட்டர் நின்றுபோனது, வேகம் அளக்க உதவும் பிட்டாட் குழாயின் சூடேற்றி வேலை செய்யவில்லை, இப்படி. பச்சை என்றால் சரியாக இருக்கிறது. நீலமும் வெள்ளையும் தகவல் மட்டும்.

ஏடிஆரில் சிவப்பு வந்தால் இரண்டு பைலட்டுக்கும் கண்ணுக்கு நேரே மாஸ்டர் வார்னிங் மின்னும், மணி விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஆம்பருக்கு மாஸ்டர் காஷன் மின்னும், மணி ஒரே ஒரு முறை அடிக்கும். எந்த அமைப்பில் கோளாறு என்பதை இந்த இரண்டும் சொல்லாது. அதற்கு அலர்ட் பேனலையோ, புது 600 மாடலாக இருந்தால் திரையையோ பார்க்க வேண்டும். மின்னுகிற விளக்கின் வேலை உங்களைக் கூப்பிடுவது மட்டும்தான். கூப்பிட்ட குரலுக்குப் பதறி ஓடுவதா, உட்கார்ந்த இடத்திலிருந்தே “என்ன” என்று கேட்பதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்ஜின் போடுவதற்கு முன்பே தொடங்கும் வேலை

விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எரிய வேண்டிய நேரத்தில் அது எரியுமா என்று காலையிலேயே பார்த்தாயா என்று நான் கேட்பேன். லாம்ப் டெஸ்ட் ஸ்விட்சைத் திருப்பினால் பேனல் முழுக்க எரிய வேண்டும். எதாவது ஒன்று இருட்டாக இருந்தால் அங்கேயே இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். தீ கண்டுபிடிக்கும் வயருக்குத் தனி டெஸ்ட் உண்டு. அதையும் இடது இன்ஜின், வலது இன்ஜின் என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரே நாளில் ஆறு செக்டர், அதாவது ஆறு பயணம், ஓடும்போது ஆறாவது முறை இந்த டெஸ்ட்டை விரல் செய்யும், கண் வேறெங்கோ இருக்கும். அப்படிச் செய்த டெஸ்ட்டை டெஸ்ட் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அடுத்தது டேக்ஆஃப் பிரீஃபிங். யார் ஓட்டுவது, யார் கண்காணிப்பது, ரன்வேயில் ஓடும்போது விளக்கு வந்தால் எதற்கு நிற்போம், எதற்குப் போய்க்கொண்டே இருப்போம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீ-ஒன் என்று ஒரு வேகம் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் ஒரு இன்ஜின் போனாலும் பறந்தே ஆக வேண்டும், ஏனென்றால் மீதி ரன்வேயில் நிற்க இடம் போதுமென்று உறுதி இல்லை. சென்னையின் பெரிய ரன்வே மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஏடிஆருக்கு அது தாராளம். அந்தத் தாராளத்துக்குப் பழகிய காலோடு சின்ன ஊர் ரன்வேக்குப் போய் நிற்கிறவர்களுக்கு இந்தப் பிரீஃபிங் இன்னும் அவசியம்.

முதல் படி: விமானத்தை ஓட்டுங்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

1972 டிசம்பர் 29 ராத்திரி, அமெரிக்காவின் மயாமியில் இறங்க வந்தது ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் விமானம். லாக்ஹீட் டிரைஸ்டார், அன்றைக்குப் புத்தம் புது மாடல். சக்கரத்தை இறக்கினார்கள். மூக்குச் சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. சரி, பார்த்துவிட்டு வரலாம் என்று 2,000 அடிக்கு ஏறி, ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டு, அந்த விளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் மூழ்கிவிட்டார்கள். ஒருவர் கீழே இறங்கிச் சக்கரத்தைப் பார்க்கப் போனார். நடுவில் உயரத்தைப் பிடித்துவைத்திருந்த ஆட்டோபைலட்டின் பிடி யாருக்கும் தெரியாமல் விட்டுப்போனது. விமானம் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. இருட்டான சதுப்பு நிலம் என்பதால் ஜன்னல் வழியாகவும் எதுவும் தெரியவில்லை. ஏறியிருந்த 176 பேரில் 101 பேர் இறந்துபோனார்கள். பிறகு பார்த்தால் மூக்குச் சக்கரம் ஒழுங்காக இறங்கித்தான் இருந்தது. பல்பு ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான்.

அத்தனை அனுபவம் உள்ளவர்கள் இருந்த காக்பிட்டில், விமானம் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க ஒருவர்கூட மிச்சமில்லை. நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

ஆகவே மணி அடித்ததும் ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது இது: இறக்கை நேராக இருக்கிறதா, மூக்கு எங்கே பார்க்கிறது, வேகம் என்ன, உயரம் என்ன. நான்கையும் கண்ணால் தொட்டுவிட்டு, “நான் ஓட்டுகிறேன்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். உயரம் இருந்து, ஆட்டோபைலட்டும் நல்லபடியாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் போட்டது பிடித்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகு விளக்கு என்ன ஆனாலும் அவர் கண் விமானத்தை விட்டு நகரக் கூடாது. விளக்கைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை.

எனக்கே இதை ஒருவர் சொல்லித்தான் வந்தது. நான் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை பைலட்டாக, சேர்ந்த புதிது. தெற்கே போகும் ஒரு பயணத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது மணி ஒன்று அடித்தது, ஆம்பர் மின்னியது. ஓட்டிக்கொண்டிருந்தது நான். ஆனாலும் என் கை தானாக மேலே பேனலுக்குப் போனது. பக்கத்தில் இருந்த கேப்டன் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். “கையை மடியில வைப்பா. இப்ப யாரு ஓட்டுறது?” என்று கேட்டார். “நான்தான் சார்.” “அப்ப ஓட்டு.” அந்த நேரத்துக்குள் வேகம் ஏழெட்டு நாட் குறைந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை, அவர் கவனித்திருந்தார்.

பழைய காலத்துப் பைலட்டுகள் கோளாறு வந்ததும் முதலில் பேனல் கடிகாரத்துக்குச் சாவி கொடு என்பார்கள். கடிகாரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, கைக்கு ஒரு வேலை கிடைக்கும், மூளை வந்து சேர நாலு நொடி கிடைக்கும். இப்போது சாவி கொடுக்கும் கடிகாரம் இல்லை. கையைத் தொடையில் வைத்து ஒரு மூச்சு முழுசாக விடுங்கள்.

இரண்டாவது: சத்தத்தை நிறுத்தி, பெயரைச் சொல்லுங்கள்

மின்னும் பொத்தானை அழுத்தினால் மணி நிற்கும், மின்னுவதும் நிற்கும். கோளாறு அப்படியே இருக்கும், அதன் பெயர் பேனலில் எரிந்துகொண்டிருக்கும். இதை அழுத்துவதற்கு முக்கியமான காரணம், அடுத்த கோளாறு வந்தால் அதற்கும் மணி அடிக்க வேண்டும் என்பது. பழைய மணி அடித்துக்கொண்டே இருந்தால் புதிய மணி காதில் விழாது.

ஆனால் படித்துவிட்டு அழுத்துங்கள். அழுத்திவிட்டுத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்காணிப்பவர் பேனலைப் படித்து, “சிவப்பு, இன்ஜின் இரண்டு, ஆயில் லோ பிரஷர்” என்று எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்ல வேண்டும். “இரண்டாவது இன்ஜின் போச்சு சார்” என்று சொல்வது தவறு. போச்சு என்பது உங்கள் முடிவு, பேனல் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் முடிவைச் சொன்னால் மற்றவரும் அந்த முடிவிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குவார்.

சத்தத்தைத் தப்பாக அடையாளம் காண்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2005 ஆகஸ்ட் 14இல் நடந்த ஹீலியோஸ் 522 விபத்து சாட்சி. சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் போக வேண்டிய போயிங் 737. கேபினில் காற்றழுத்தம் ஏறவில்லை என்று ஹாரன் அடித்தது. அதே ஹாரன்தான் தரையில் டேக்ஆஃப் அமைப்பு சரியில்லை என்றாலும் அடிக்கும். வானத்தில் ஏறிக்கொண்டிருந்த பைலட்டுகள் அதை அந்த இரண்டாவது எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்து மயங்கினார்கள். 121 பேரும் போய்விட்டார்கள். அதனால் கேபின் ஆல்டிட்யூட் எச்சரிக்கைக்கு மட்டும் என் வரிசை வேறு: கேபின் உயரம், அதாவது உள்ளே இருக்கும் காற்று எந்த உயரத்துக் காற்றைப் போல மெலிந்திருக்கிறதோ அந்த உயரம், 10,000 அடியைத் தாண்டியதாகச் சிவப்பு வந்தால் மாஸ்க் முதலில் முகத்தில் ஏறட்டும். பேச்சு, படிப்பு, யோசனை எல்லாம் அதற்கப்புறம். ஏடிஆர் அதிகபட்சம் ஏறும் 25,000 அடியில் மாஸ்க் இல்லாமல் தெளிவாக யோசிக்க மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அந்த நிமிடங்களில் கஷ்டமாகக்கூட இருக்காது, சுகமாகத்தான் இருக்கும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை

புத்தகத்தைப் புரட்ட நேரமில்லாத சில வேலைகள் உண்டு, அவற்றை மெமரி ஐட்டம் என்போம். அதிகம் இருக்காது, ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். ஏடிஆரில் பறக்கும்போது இன்ஜின் தீ என்றால்: அந்தப் பக்கத்துப் பவர் லீவர் (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது) ஃபிளைட் ஐடில், அதாவது பறக்கும்போதான மிகக் குறைந்த சக்தி; கண்டிஷன் லீவர் (புரொப்பெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்துவது) ஃபெதர், அதாவது புரொப்பெல்லர் இலைகள் காற்றைத் தடுக்காதபடி திரும்பும் நிலை; அப்புறம் ஃபியூயல் ஷட் ஆஃப், ஃபயர் ஹேண்டிலை இழு, 10 நொடி பொறுத்துத் தீயணைக்கும் வாயு உள்ள முதல் பாட்டில். 30 நொடி கழித்தும் சிவப்பு அணையவில்லை என்றால் இரண்டாவது பாட்டில்.

அந்த 10 நொடி ஏன் என்று திருவொற்றியூர்ப் பையன் கேட்டான், நல்ல கேள்வி. இன்ஜின் சுழற்சி குறைந்து காற்றோட்டம் அடங்கட்டும் என்பதற்காக. உடனே அடித்தால் அணைக்கும் வாயு காற்றோடு பின்னால் போய்விடும். காரணம் தெரிந்தால் வரிசை மறக்காது.

டேக்ஆஃப் ஆன உடனே விளக்கு வந்தால் பல நிறுவனங்களில் 400 அடிக்குக் கீழே மணியை நிறுத்துவதைத் தவிர வேறு எதிலும் கை வைக்க மாட்டார்கள். சக்கரத்தை உள்ளே எடு, நேராக ஏறு, அவ்வளவுதான். தீ என்றால்கூட அந்தச் சில நொடி காத்திருக்கலாம். தரைக்கு அருகில் அவசரத்தில் தப்பான லீவரை இழுப்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

லீவரில் கை வைக்கும் முன்

2015 பிப்ரவரி 4, தைவானின் தைபே. டிரான்ஸ்ஏஷியா 235, நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே ஏடிஆர் 72-600. ஏறிய ஒரு நிமிடத்துக்குள், 1,200 அடி உயரத்தில் எச்சரிக்கை. வலது பக்கம், அதாவது இரண்டாவது இன்ஜினின் புரொப்பெல்லர் தானாகவே ஃபெதர் ஆனது. அதற்குக் காரணம் ஆட்டோஃபெதர் கருவிக்குள் ஒரு சோல்டர் இணைப்பு சரியில்லாததுதான். கேப்டன் இழுத்தது முதல் இன்ஜின் லீவரை, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை. கடைசியில் அதை அணைத்தேவிட்டார். தெரிந்துகொண்டு திரும்பப் போடுவதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது. மேம்பாலத்தில் இறக்கை இடித்து ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். ஒரு இன்ஜினோடு பத்திரமாக ஏறக்கூடிய விமானம் அது.

தப்பாக நகர்த்தினால் திருத்த நேரமில்லாத எதிலும், அதாவது பவர் லீவர், கண்டிஷன் லீவர், ஃபயர் ஹேண்டில், மூடிபோட்ட ஸ்விட்ச் இவற்றில் தனி ஆள் கை வைக்கக் கூடாது. முறை இப்படி: ஒருவர் விரலை லீவரின் மேல் வைப்பார், இழுக்க மாட்டார். “பவர் லீவர் இரண்டு, உறுதியா?” என்று கேட்பார். மற்றவர் அந்த விரலைத் திரும்பிப் பார்த்து, டார்க் மீட்டரில், அதாவது இன்ஜின் சுழற்றும் விசையைக் காட்டும் மீட்டரில், எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்து, “இரண்டு, உறுதி” என்பார். அப்புறம்தான் லீவர் நகரும்.

காலும் ஒரு சாட்சி. ஒரு இன்ஜின் போனால் விமானம் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். நேராக வைக்க எதிர்ப்பக்க ரடரை, அதாவது வாலில் உள்ள திருப்பியை அசைக்கும் பெடலை, மிதிப்பீர்கள். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க இன்ஜின்தான் செத்தது.

போன மாதம் மாடியில் நான் சிவப்பைப் போட்டு, “இன்ஜின் ஒன்று, தீ” என்று எழுதிய சீட்டைக் காட்டினேன். காசிமேட்டுப் பெண் இடது ஸ்கேலின் மேல் விரலை வைத்தாள். எங்களுக்கு மர ஸ்கேல்தான் லீவர். “பவர் லீவர் ஒன்று, உறுதியா?” என்று சரியாகத்தான் கேட்டாள். பக்கத்தில் வியாசர்பாடிப் பையன் சீட்டைப் பார்த்தபடியே “உறுதி” என்றான். நான் நிறுத்தினேன். “அவ விரல் எங்க இருக்குன்னு பார்த்தியா?” “இல்லண்ணா.” “அப்ப எதை உறுதின்னு சொன்ன?” அவன் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு அந்த ஒன்றை மட்டுமே இருட்டும்வரை செய்தோம். விரலைப் பார்க்காமல் சொல்லும் ‘உறுதி’யைவிட வாயைத் திறக்காமல் இருப்பது மேல். ஏனென்றால் அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் இழுக்கப் போகிறாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். காக்பிட்டில் கேப்டன் தப்பான பக்கம் விரல் வைத்தால் மரியாதை குறையாமல் தடுக்க வார்த்தை தயாராக இருக்க வேண்டும். “சார், நிறுத்துங்க. டார்க் விழுந்தது வலது பக்கம்.” இவ்வளவு போதும். இதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகச் சொல்கிறேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறார்கள், பரவாயில்லை.

ஒரு விளக்கு, இரண்டு சாட்சி

என் அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஆயில் பிரஷர் குறைவு என்று மீட்டர் காட்டினால் உடனே இன்ஜினைப் பிரிக்க மாட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை இன்ஜின் பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். “மீட்டர் சொல்றத இன்ஜினும் சொல்லுதான்னு பாரு” என்பார்.

ஏடிஆரின் ஆயில் பிரஷர் எச்சரிக்கையை நான் இதோடு சேர்த்துத்தான் புரிந்துகொண்டேன். பிரஷர் 40 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் சிவப்பு வரும். ஆனால் எச்சரிக்கை விளக்கும், அளவு காட்டும் மீட்டரும் வேறு வேறு. பவர் லீவரை ஐடிலுக்குக் கொண்டுவந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் குறைவு என்றால் ஆயில் நிஜமாகவே போகிறது, பேரிங் உருகுவதற்குள் இன்ஜினை அணைக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவு என்று சொன்னால் பெரும்பாலும் சொல்கிற கருவியில்தான் கோளாறு. நல்ல இன்ஜினை அணைக்க வேண்டாம், மற்றதைக் கண்காணித்தபடி போகலாம்.

சக்கரத்துக்கும் அப்படியே. மூன்று பச்சை நடுப் பேனலில் ஒரு முறை, தலைக்கு மேல் பேனலில் இன்னொரு முறை, தனித்தனி சென்சாரிலிருந்து வரும். ஏதாவது ஒன்றில் மூன்றும் பச்சை என்றால் சக்கரம் பூட்டியிருக்கிறது. 401இல் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு இரண்டாவது வரிசை விளக்கு கண் முன்னால் இருந்திருந்தால் என்று நான் பல முறை நினைத்ததுண்டு.

படகுக்கும் விமானத்துக்கும் ஒரே பெரிய வித்தியாசம் உண்டு. சந்தேகம் வந்தால் அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு மிதந்துகொண்டே யோசிப்பார், நங்கூரம் இருக்கிறது. நமக்கு யோசிக்கும் நேரத்தையும் ஓட்டிக்கொண்டேதான் வாங்க வேண்டும்.

புத்தகம்

மெமரி ஐட்டம் முடிந்ததும், அல்லது அது தேவைப்படாத ஆம்பர் என்றால் நேராகவும், ஓட்டுகிறவர் செக்லிஸ்ட் கேட்பார். கண்காணிப்பவர் கியூஆர்எச் எடுத்து முதலில் தலைப்பைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பேனலில் இருக்கும் பெயரும் தலைப்பும் ஒன்றுதானா என்று இருவரும் பார்க்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள பக்கங்கள் அடுத்தடுத்து இருக்கும். பக்கத்து இலைக்குப் பாயசம் போன கதை ஆகிவிடக் கூடாது.

ஒரு வரி படி, செய், செய்ததைப் பார், அடுத்த வரி. நடுவில் டவர் கூப்பிட்டால் கட்டைவிரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். சர்க்யூட் பிரேக்கர் வெளியே வந்திருந்தால், புத்தகம் சொன்னால் ஒழிய உள்ளே தள்ளாதீர்கள். அது வெளியே வந்தது வயர் சூடாகாமல் காப்பாற்றத்தான். தள்ளச் சொன்னாலும் ஒரே முறைதான்.

ஜெனரேட்டர் ஒன்று நின்றால் பெரும்பாலும் ஒரு முறை ரீசெட், வரவில்லையென்றால் ஆஃப், மற்றது சுமையைத் தாங்கும். இரண்டும் போனால் கதை வேறு. பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்கு வைத்து, அந்த நொடியிலிருந்து கடிகாரத்தை ஓட விடுங்கள்.

எங்கே போவது, யாரிடம் சொல்வது

டவரிடம் பேசுவது மூன்றாவதாகத்தான் வரும். முதலில் ஓட்டுவது, பிறகு எந்தப் பக்கம் போகிறோம் என்று முடிவு, அப்புறம்தான் ரேடியோ. மணி அடித்ததும் மைக்கைப் பிடிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளாதீர்கள். தரையில் இருப்பவரால் உங்கள் இன்ஜினை அணைக்க முடியாது.

ஆனால் பேச வேண்டிய நேரத்தில் கூச்சப்படவும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மேடே மூன்று முறை. அவசரம், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் பேன் பேன் மூன்று முறை. காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. படகின் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் சொல்கிற அதே மேடேதான். வானத்தில் அதற்கு ஈடான அலைவரிசை 121.5. ஆனால் ஏற்கெனவே சென்னை அப்ரோச்சோடு பேசிக்கொண்டிருந்தால் அதே அலைவரிசையில் சொல்வதுதான் நல்லது, அவர்கள் உங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரேடார் திரைக்கு நம் அடையாள எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7700 போட்டால் மற்றவர்கள் திரையிலும் தெரிந்துவிடும். அழைப்புப் பெயர், என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், இருக்கும் இடமும் உயரமும், எத்தனை உயிர், எவ்வளவு நேரத்துக்கு எரிபொருள். இந்த வரிசையில் சொன்னால் திருப்பிக் கேட்கும் கேள்விகள் குறையும்.

இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் இருப்பது மட்டும் கணக்கில்லை. ரன்வே நீளம், காற்று, மழை, தீயணைப்பு வசதி எல்லாம் பாருங்கள். தீயும் புகையும் மட்டும் விதிவிலக்கு. அணையாத தீ என்றால் முதலில் கிடைக்கும் ரன்வேதான் நல்ல ரன்வே. மற்ற எதற்கும் கொஞ்ச நேரம் எடுத்துச் சுற்றி வந்து செக்லிஸ்ட்டை முடித்துவிட்டு இறங்கலாம். சுற்றும்போது எரிபொருளை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1978 டிசம்பர் 28இல் போர்ட்லாந்தில் யுனைட்டெட் 173 சக்கரக் கோளாறைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றியே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் காக்பிட்டில் ஒருவரோடொருவர் எப்படிப் பேசி வேலை செய்வது என்பதையே தனிப் பாடமாக வைத்தார்கள்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

ஏடிஆரில் கேபின் க்ரூவிடம் நான்கு விஷயம்: என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறோம், எத்தனை நிமிடம், வேறு ஏதாவது சிறப்பாகச் செய்ய வேண்டுமா. அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். டோர்னியரில் கேபின் க்ரூ கிடையாது, நீங்களே பேச வேண்டும். பொய் சொல்ல வேண்டாம். “ஒரு எச்சரிக்கை விளக்கு வந்திருக்கிறது, அதற்கான வேலையைச் செய்துவிட்டோம், 15 நிமிடத்தில் சென்னையில் இறங்குகிறோம், பெல்ட் போட்டிருங்கள்” என்று தமிழிலும் சொல்லுங்கள். தூத்துக்குடி விமானத்தில் முதல் முறை ஏறிய ஒரு பாட்டிக்கு ஆங்கில அறிவிப்பு பயத்தைத்தான் கூட்டும்.

இறங்கிய பிறகு

விமானம் நின்றதும் வேலை முடியவில்லை. டெக் லாக், அதாவது விமானத்தின் கோளாறுக் குறிப்பேடு, எழுத வேண்டும். விளக்கு வந்து தானாகவே அணைந்துவிட்டது, அதை எழுதி விமானத்தை நிறுத்திவைக்க வேண்டுமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. எழுதுங்கள். தானாக வந்து தானாகப் போன விளக்கு பெரும்பாலும் ஏதோ ஒரு இணைப்பு தளர்கிறது என்பதன் முதல் அறிகுறி. இன்ஜினியருக்குக் கிடைக்கும் ஒரே துப்பு உங்கள் வரிதான்.

கோளாறோடு விமானம் திரும்பக் கிளம்பலாமா என்பதை எம்இஎல் சொல்லும். எந்தெந்தப் பொருள் வேலை செய்யாமலே, என்னென்ன நிபந்தனையோடு பறக்கலாம் என்ற பட்டியல் அது. பி வகை என்றால் 3 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், சி என்றால் 10, டி என்றால் 120. ஏ வகைக்கு அங்கேயே தனியாகக் காலம் போட்டிருக்கும். எம்இஎல் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது, வானத்தில் கியூஆர்எச்தான். முடிவில் லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும், கேப்டன் அதை ஏற்க வேண்டும். நேரமாகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் ஏற்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாடியில் பாடம் முடியும்போது ஒவ்வொருவரும் ஒரு டெக் லாக் வரி எழுதித் தர வேண்டும். முதலில் எல்லோரும் “ஆயில் லைட் எரிந்தது” என்றுதான் எழுதுவார்கள். எந்த இன்ஜின், எந்த நிறம், ஏறும்போதா இறங்கும்போதா, என்ன உயரம், மீட்டர் என்ன காட்டியது, எவ்வளவு நேரம் எரிந்தது என்று கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கொடுப்பேன். போன வாரம் காசிமேட்டுப் பெண் எழுதியது இது: “ஏறும்போது, 9,000 அடி, இன்ஜின் 2 ஆயில் லோ பிரஷர் சிவப்பு, தொடர் மணி. மீட்டர் 58 பிஎஸ்ஐ, நிலையாக இருந்தது. 40 நொடியில் அணைந்தது. 11,000 அடியில் மறுபடி 10 நொடி. ஆயில் வெப்பம், டார்க் மாற்றமில்லை. செக்லிஸ்ட் முடித்தோம்.” அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் நோட்டை வாங்கிக்கொண்டு, வியாசர்பாடிப் பையனை நாற்காலிக்கு வரச் சொன்னாள். ஸ்விட்சை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.